கலைவாணரின் வரவும் செலவும்

என்.எஸ். கிருஷ்ணன் 1908 நவம்பர் 29 அன்று நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்தார். பழையாற்றங்கரை ஊர். தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் அடங்கிய நாஞ்சில் நாடு அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது 1956 நவம்பர் 1-ல். கிருஷ்ணன் இறந்தது அடுத்த ஆண்டு ஆகஸ்டில். தமிழ்த் திரையில் இருபது ஆண்டுகள் கொடிகட்டிப் பறந்தவரின் சொந்த ஊர், அவர் வாழ்நாளின் கடைசிப் பத்து மாதங்கள் மட்டுமே தமிழர் மாநிலத்துக்குள் இருந்தது.

தகப்பனார் சுடலைமுத்துப் பிள்ளை, தாயார் இசக்கியம்மாள். இரண்டுமே தென்கோடித் தமிழ்நாட்டின் குலதெய்வப் பெயர்கள். சுடலைமாடனுக்கும் இசக்கியம்மனுக்கும் கொடை நடக்கும்போது விடிய விடிய வில்லுப்பாட்டு நடக்கும். மணிகள் கட்டிய பெரிய வில், வீசுகோல், குடம், உடுக்கை, தாளம். தலைமைப் பாடகர் கதையை விரிக்க, பக்கத்தில் இருப்பவர் ‘ஆமாம்’ போட்டுக் குறுக்குக் கேள்வி கேட்டுக் கதையை நகர்த்துவார். கிருஷ்ணன் பிற்காலத்தில் டி.ஏ. மதுரத்தோடு சேர்ந்து திரையில் செய்த நகைச்சுவையின் அமைப்பும் ஏறத்தாழ இதுதான். ஒருவர் சொல்ல, மற்றவர் மடக்க, நடுவில் விஷயம் வெளியே வரும். அவரே நல்ல வில்லிசைக் கலைஞர். 1948-ல் நெல்லைச் சீமையில் சந்தித்த இளைஞர் சுப்பு ஆறுமுகத்தைச் சென்னைக்கு அழைத்து வந்து, கொடை மேடையில் இருந்த கலையை நகரத்து அரங்குக்குக் கொண்டு சேர்த்ததில் கிருஷ்ணனுக்குப் பெரும் பங்கு உண்டு.

குடும்பம் ஏழைக் குடும்பம். படிப்பு தொடக்கப் பள்ளியோடு நின்றது. டென்னிஸ் மைதானத்தில் பந்து பொறுக்கிப் போடும் வேலையும், நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்கும் வேலையும் பார்த்தார். கொட்டகைக்குள் நுழைய டிக்கெட் வாங்க வழியில்லாத பையனுக்கு, விற்பனைத் தட்டே அனுமதிச் சீட்டு. 1925-ல் டி.கே.எஸ். சகோதரர்கள் ஸ்ரீ பால ஷண்முகானந்த சபாவைத் தொடங்கியபோது அதில் சேர்ந்தார்.

இந்த ‘பாய்ஸ் கம்பெனி’ முறையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கிருஷ்ணனின் பணவழிகளைப் புரிந்துகொள்ள வேறு சாவி இல்லை. கம்பெனியில் சேர்ந்த பையனுக்குச் சம்பளம் சொற்பம். சாப்பாடு, துணி, தங்குமிடம், பாட்டு வாத்தியார், மருந்து எல்லாம் கம்பெனி பொறுப்பு. ஊர் ஊராகக் கொட்டகை மாறும்போது ‘கம்பெனி வீடு’ என்று ஒன்று பிடிப்பார்கள். ராஜபார்ட் நடிப்பவரும் சீன் படுதா இழுப்பவரும் அங்கேதான் படுப்பார்கள், ஒரே அடுப்பில்தான் உலை. வசூல் முதலாளி கையில் சேரும். அந்தக் கை எத்தனை வயிற்றுக்குப் பதில் சொல்கிறது என்பதே முதலாளியின் பெருமை. வசூல் இல்லாத ஊரில் எல்லாருமே பட்டினி. இந்த ஒழுங்கில் கிருஷ்ணன் பதினாறு வயதிலேயே புகுந்தார். பின்னாளில் சினிமாவில் பெருந்தொகை வந்தபோதும் அவர் நடத்தியது ஒரு கம்பெனி வீடுதான்.

சினிமாவுக்கு அவர் வந்தது 1930-களின் நடுவில். எஸ்.எஸ். வாசன் ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதையைத் தழுவி எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘சதி லீலாவதி’ 1936-ல் வெளியானது. எம்.ஜி. ராமச்சந்திரன், டி.எஸ். பாலையா ஆகியோருக்கும் அதுவே முதல் படம். டி.கே.எஸ். குழுவின் ‘மேனகா’ அதற்கு முன்னால், 1935-லேயே திரைக்கு வந்துவிட்டது. அதிலும் கிருஷ்ணன் உண்டு. ராஜா சாண்டோ இயக்கிய ‘வசந்தசேனா’ (1936) படப்பிடிப்புக்காகப் புனா சென்ற பயணத்தில் மதுரத்தைச் சந்தித்தார். அறிமுகம் திருமணமாயிற்று, தமிழ் சினிமாவின் முதல் நகைச்சுவை ஜோடியும் உருவாயிற்று.

‘அம்பிகாபதி’ (1937), ‘திருநீலகண்டர்’ (1939), ‘சகுந்தலை’ (1940), ‘ஆர்யமாலா’ (1941), ‘கண்ணகி’ (1942), ‘சிவகவி’ (1943), ‘ஹரிதாஸ்’ (1944) என்று அந்தக் காலத்து வெற்றிப் படங்களின் பட்டியலை எடுத்தால் பெரும்பாலானவற்றில் அவர் பெயர் இருக்கும். சென்னை பிராட்வேயில் மூன்று தீபாவளி கண்ட ‘ஹரிதாஸ்’ படத்திலும் எம்.கே. தியாகராஜ பாகவதரின் பாட்டோடு கூட்டத்தை இழுத்தது கிருஷ்ணன்–மதுரம் ஜோடிதான்.

ஆனால் படங்களின் எண்ணிக்கையைவிட அவர் வேலை செய்த விதம்தான் கவனிக்கத் தக்கது. கதாநாயகனும் நாயகியும் நடிக்கும் மூலக்கதைக்குச் சம்பந்தமில்லாமல் தனியாக ஒரு நகைச்சுவைக் கிளைக்கதை ஓடும். அதைக் கிருஷ்ணனே யோசிப்பார், வசனம் அமைப்பார், தம் குழுவை வைத்துத் தாமே படமாக்குவார். தயாரிப்பாளர் கேட்டால் முழுத் துண்டாகக் கொடுத்துவிடுவார். புளிமூட்டை ராமசாமி போன்றோர் அந்தக் குழுவில் இருந்தார்கள். பாட்டுக்கு உடுமலை நாராயணகவி. ‘சகுந்தலை’யில் மோதிரத்தை விழுங்கிய மீனைப் பிடிக்கும் செம்படவர் கதை காளிதாசனிடம் சிறு காட்சி, கிருஷ்ணனும் டி.எஸ். துரைராஜும் அதை எடுத்துக்கொண்டு எம்.எஸ். சுப்புலட்சுமியின் படத்துக்குள் தங்களுக்கென்று ஓர் இடம் போட்டுக்கொண்டார்கள். ‘சந்திரஹரி’ (1941) இன்னும் துணிச்சலானது. பம்மல் சம்பந்த முதலியார் எழுதிய கேலி நாடகம் அது. அரிச்சந்திரன் மெய் தவறாதவன் என்றால் சந்திரஹரி மறந்தும் மெய் பேசாதவன். அசோகா பிலிம்ஸ் என்ற பெயரில் கிருஷ்ணன் இதைக் குறும்படமாக எடுத்துப் பெரிய படத்தோடு சேர்த்துத் திரையிட வைத்தார்.

சாப்ளினோடு அவரை ஒப்பிடுவது பழைய வழக்கம். கதை, இயக்கம், நடிப்பு மூன்றையும் கையில் வைத்திருந்ததில் ஒப்புமை சரிதான். பணம் என்று வரும்போது ஒப்பீடு அங்கேயே முறிகிறது. சாப்ளின் 1919-ல் யுனைட்டெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். தம் படங்களின் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். கிருஷ்ணன் எடுத்துக் கொடுத்த நகைச்சுவைத் துண்டுகள் அந்தந்தப் படத்தின் சொத்தாகப் போயின. படம் பத்தாண்டு கழித்து மறுவெளியீட்டில் ஓடினாலும் அவருக்கு அதில் காசில்லை. வேலை செய்த அன்று வந்த கூலிதான் வரவு, முதல் சேரவில்லை. முன்தொகையாக வாங்கிய பணத்தில் கம்பெனியை நடத்தி, கம்பெனியைக் காட்டி அடுத்த முன்தொகை வாங்கும் சுழற்சி, ஆள் நடமாடிக்கொண்டிருக்கும்வரை தடையில்லாமல் ஓடும்.

அப்படி ஓடிய காலத்தின் அடையாளம் ஒழுகினசேரியில் அவர் கட்டிய ‘மதுர பவனம்’. நாடகக் கொட்டகையில் தட்டேந்தி நின்ற பையன் அதே ஊரில் மாடி வீடு எழுப்பினான் என்பது நாகர்கோவிலில் அன்று சாதாரணச் செய்தி அல்ல.

சுழற்சி 1944 இறுதியில் ஒரேயடியாக நின்றது. ‘இந்து நேசன்’ பத்திரிகையை நடத்தி, நடிகர்களின் அந்தரங்கத்தை எழுதிப் பிழைத்த சி.என். லட்சுமிகாந்தன் நவம்பர் 8 அன்று சென்னை வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போகும்போது குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். சதி செய்ததாகப் பாகவதரும் கிருஷ்ணனும் கோவை பட்சிராஜா ஸ்டூடியோவின் ஸ்ரீராமுலு நாயுடுவும் கைதானார்கள். நாயுடு விடுதலையானார். மற்ற இருவருக்கும் 1945 மே 3-ல் ஆயுள் தண்டனை. ஒன்பது ஜூரர்களில் ஆறு பேர் குற்றவாளி என்றார்கள், மூன்று பேர் இல்லை என்றார்கள். உயர் நீதிமன்ற மேல்முறையீடு தோற்றது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், வழக்கு மறுவிசாரணைக்குத் திரும்பி வந்தது. வி.எல். எத்திராஜ் வாதாடினார். 1947 ஏப்ரல் 25-ல் இருவரும் குற்றமற்றவர்கள் என்று விடுதலை செய்யப்பட்டார்கள்.

ஏறத்தாழ முப்பது மாதச் சிறை. மூன்று கட்ட வழக்குச் செலவு, அதிலும் ஒரு கட்டம் லண்டனில், வருமானம் பூஜ்யம். நடமாட்டத்தை நம்பிய பொருளாதாரம் இந்த இடத்தில் சிதறியிருக்க வேண்டும். சிதறாமல் காத்தது மதுரமும் நாடகக்காரர்களும். எஸ்.வி. சகஸ்ரநாமம் பொறுப்பேற்க, என்.எஸ்.கே. நாடக சபா ‘பைத்தியக்காரன்’ நாடகத்தை ஊர் ஊராக நடத்தியது. கே.ஆர். ராமசாமி கிருஷ்ணன் பெயரிலேயே ‘கிருஷ்ணன் நாடக சபா’ கண்டார். அண்ணாவின் ‘ஓர் இரவு’, ‘வேலைக்காரி’ நாடகங்கள் அந்த மேடையில் வளர்ந்தவை. கிருஷ்ணன் அதுவரை செலவழித்ததாகத் தோன்றிய பணம் எங்கே போடப்பட்டிருந்தது என்பது இந்தச் சமயத்தில்தான் தெரிந்தது. அவர் சோறு போட்ட மனிதர்கள் அவர் இல்லாதபோது அவர் பெயரால் திரை தூக்கினார்கள். வங்கியில் போட்டிருந்தால் வக்கீல் கட்டணத்தோடு தீர்ந்திருக்கும்.

விடுதலையான இருவரின் பாதையும் பிரிந்தது. பாகவதரால் பழைய இடத்தைப் பிடிக்க முடியவில்லை, 1959-ல் காலமானார். கிருஷ்ணனோ வந்த வேகத்தில் எழுந்தார். ‘பைத்தியக்காரன்’ அதே ஆண்டு படமாக வந்தது. எஸ்.எஸ். வாசன் ‘சந்திரலேகா’வில் (1948) சர்க்கஸ் காட்சிகளில் கிருஷ்ணன்–மதுரம் ஜோடிக்கு இடம் உண்டாக்கினார். பம்மல் சம்பந்த முதலியார் ‘கலைவாணர்’ பட்டம் அளித்ததும் 1947-ல்தான்.

அடுத்த ஐந்தாண்டு அவருடைய படைப்பு வாழ்வின் உச்சம். இந்தக் காலத்துப் படங்களில் ஒரு பொருள் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். அது பணம். கிருஷ்ணன்–பஞ்சு இயக்க, அண்ணாதுரை எழுதிய ‘நல்லதம்பி’ (1949), ஃபிராங்க் காப்ராவின் ‘மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன்’ படத்தின் தழுவல். எதிர்பாராமல் பெரும் சொத்துக்கு வாரிசாகும் எளியவன் அதை ஊருக்கே செலவழிக்க நினைக்கிறான். உலகம் அவனுக்குப் பைத்தியம் என்கிறது. கிருஷ்ணனுக்கு இந்த வேடத்தைவிடப் பொருத்தமாக எதுவும் அமைந்ததில்லை. விஞ்ஞானத்தை வளர்க்கப் போவதாகக் கணவன் பாட, பொத்தானைத் தட்டினால் தட்டில் இட்லி வந்து விழும் இயந்திரம் வேண்டும் என்று மனைவி கேட்கும் பாட்டு இந்தப் படத்தில்தான். சமையலறைப் பெண்ணின் ஆசையைச் சிரிப்பாகச் சொல்லிவிட்டுக் காரியமாக நிறுத்தும் இடம் அது.

அதே படத்தில் வரும் ‘கிந்தனார்’ காலட்சேபம் தனியாகப் பேச வேண்டியது. நந்தனார் சரித்திரத்தின் உருவத்தை அப்படியே எடுத்துக்கொண்டு உள்ளே ஆளை மாற்றிய கதை. பஞ்சகச்சமும் சப்ளாக்கட்டையுமாக பாகவதர் கோலத்தில் கிருஷ்ணன் நிற்பார். நந்தன் சிதம்பரம் போக ஏங்கினான். கிந்தன் பள்ளிக்கூடம் போக ஏங்குகிறான். நந்தன் தீயில் இறங்கினான். கிந்தன் ரயில் ஏறுகிறான். மறையவரையும் தாழ்த்தப்பட்டவரையும் ஒரே பெட்டியில் ஏற்றிச் செல்லும் ரயிலுக்கு ஒரு துதியே உண்டு. ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த சிறுவன் படித்துக் கல்வி அதிகாரியாக ஊர் திரும்புகிறான். சாமியைத் திட்டவில்லை, சாதிக்காரர் எவரையும் வையவில்லை. காலட்சேபம் கேட்டுப் பழகிய காது, பழகிய ராகத்திலேயே புதிய சேதியை வாங்கிக்கொண்டது. கோயில் நுழைவு உரிமைக்காகப் போராடிய நாஞ்சில் நாட்டில் வளர்ந்தவருக்கு, எதைச் சிரித்துச் சொன்னால் செல்லும் என்பது தெரிந்திருந்தது.

தயாரிப்பிலும் இயக்கத்திலும் இறங்கினார். கருணாநிதி வசனம் எழுதிய ‘மணமகள்’ (1951) பத்மினியைத் தமிழில் கதாநாயகியாக்கியது. ஏ.எல். சீனிவாசன் தயாரிப்பில் அவர் இயக்கிய படத்துக்குப் பெயரே ‘பணம்’ (1952). வரதட்சணை ஒரு குடும்பத்தைக் குலைக்கும் கதை. நாயகன் சிவாஜி கணேசன். இசையமைப்பாளர் சி.ஆர். சுப்பராமனின் மறைவுக்குப் பின் அவருடைய உதவியாளர்கள் விஸ்வநாதன், ராமமூர்த்தி இருவரையும் இரட்டையராக நிறுத்தி வாய்ப்புக் கொடுத்ததும் இதில்தான். ‘தினா முனா கானா’ என்று பாடிவிட்டு, திருக்குறள் முன்னணிக் கழகம் என்று விளக்கம் சொன்னதும் இதே படம், தணிக்கைக்காரருக்கும் தி.மு.க. தொண்டருக்கும் ஒரே நேரத்தில் பதில். ‘முதல் தேதி’யில் (1955) மாதத்தின் முதல் இருபது நாள் கொண்டாட்டம், பிறகு திண்டாட்டம் என்று சம்பளக்காரர் குடும்பத்தின் பஞ்சாங்கத்தையே பாட்டாக்கினார். இன்றும் மாதக் கடைசியில் அந்தப் பாட்டை நினைக்காத குமாஸ்தா இல்லை.

அரசியலில் அவர் ஒரு கொடிக்குள் அடங்கியவர் அல்லர். காந்தியிடம் பக்தி; நாகர்கோவில் நகராட்சிப் பூங்காவில் சொந்தச் செலவில் காந்தி நினைவுத் தூண் எழுப்பினார். பூதப்பாண்டிக்காரரான ப. ஜீவானந்தம் நண்பர், 1951-ல் சோவியத் நாட்டுக்குச் சென்ற இந்தியத் திரைக்குழுவில் கிருஷ்ணன் இருந்தார். அண்ணாவோடு நெருக்கம். 1957 தேர்தலில் காஞ்சிபுரத்தில் அண்ணாவை எதிர்த்து ஒரு மருத்துவர் நின்றார். பிரசாரத்துக்குப் போன கிருஷ்ணன், மருத்துவரின் கைராசியையும் நல்ல குணத்தையும் வெகுநேரம் புகழ்ந்தாராம். இத்தனை நல்ல டாக்டரைச் சென்னைக்கு அனுப்பிவிட்டால் உங்களுக்கு வைத்தியம் பார்ப்பது யார், அண்ணாவை அனுப்புங்கள் என்று முடித்தாராம். அண்ணா வென்றார்.

இனி அவருடைய கொடை. இதைப் பற்றிய கதைகள் ஏராளம்; சொல்லச் சொல்ல வளர்ந்தவையும் அவற்றில் இருக்கும். அதிகம் சொல்லப்படுவது வருமானவரி அதிகாரியின் கதை. கணக்கில் பக்கத்துக்குப் பக்கம் ‘தர்மம்’ என்று எழுதியிருந்ததை நம்பாத அதிகாரி, ஆள் தெரியாமல் மகள் கல்யாணத்துக்கு உதவி கேட்டுப் பார்த்தாராம். விசாரணை எதுவும் இல்லாமல் உடனே பணம் வந்ததாம். நடந்ததோ இல்லையோ, கதைக்குள் இருக்கும் சிக்கல் உண்மையானது. வரிச் சட்டம் நன்கொடைக்குச் சலுகை தருவது அங்கீகாரம் பெற்ற அமைப்புக்கு ரசீதோடு கொடுத்தால்தான். வாசலில் வந்து நிற்பவர் கையில் கொடுத்தது செலவாகாது. அது கொடுத்தவரின் வருமானமாகவே கணக்கில் நிற்கும், அதற்கும் வரி கட்ட வேண்டும். கம்பெனி வீட்டு முதலாளிக்குச் சாப்பாட்டுச் செலவு தொழில் செலவு. சினிமா நடிகனுக்கு அதே சாப்பாடு சொந்தச் செலவு. கிருஷ்ணன் முதல் ஒழுங்கில் வாழ்ந்தார், இரண்டாவது ஒழுங்கில் வரி விதிக்கப்பட்டார்.

அவர் ஏமாளி என்று சொல்லிவிடுவதும் வள்ளல் என்று கும்பிட்டுவிடுவதும் எளிது. இரண்டுமே பாதி உண்மை. வாய்ப்பு அவர் கையில் இருந்தவரை கொடுத்தது வேறு உருவில் திரும்பி வந்தது. சிறைக் காலமே அதற்குச் சான்று. ஐம்பதுகளின் நடுவில் நிலைமை மாறியது. நகைச்சுவை நடிகர் தம் குழுவோடு தனியே படமாக்கிக் கொடுக்கும் முறை மெல்லத் தேய்ந்தது. வசனகர்த்தாவும் இயக்குநரும் கதையை முழுதாகக் கையில் எடுத்துக்கொண்டார்கள். ‘மதுரை வீரன்’, ‘ராஜா ராணி’ (இரண்டும் 1956) போன்ற படங்களில் அவர் பலரில் ஒருவராக வந்தார். வருமானம் குறைந்தது, வாசலுக்கு வருபவர் எண்ணிக்கை குறையவில்லை. உடம்பும் ஒத்துழைக்கவில்லை.

சென்னை பொது மருத்துவமனையில் 1957 ஆகஸ்ட் 30 அன்று காலமானார். வயது 48. பார்க்க வந்த எம்.ஜி.ஆர். தலையணைக்கடியில் நோட்டுக்கட்டு வைத்ததாகவும், சில்லறையாகக் கொடுத்தால் இங்கே நாலு பேருக்குக் கொடுக்க வசதியாக இருக்கும் என்று கிருஷ்ணன் சொன்னதாகவும் திரையுலகில் இன்றும் சொல்கிறார்கள். பிள்ளைகளுக்கென்று பெரிய சொத்து எதுவும் விட்டுச் செல்லவில்லை. நடிகர்களின் சொத்து மதிப்பைக் கோடிகளில் அடுக்கும் இன்றைய பழக்கத்துக்கு அவர் கணக்கில் எழுத எதுவும் இல்லை. மருத்துவமனைப் படுக்கையில் அவரிடம் இருந்தது முன்தொகை வாங்க முடியாத உடம்பு மட்டுமே.

மதுரம் 1974 வரை வாழ்ந்தார். சென்னை தியாகராய நகரில் கிருஷ்ணன் சிலையை 1969 ஜனவரி 14 அன்று முதலமைச்சர் அண்ணா திறந்துவைத்தார். புற்றுநோயோடு வந்து அவர் கலந்துகொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சி அது. அடுத்த மாதம் 3-ஆம் தேதி அண்ணா இறந்தார். நாகர்கோவில் மணிமேடைச் சந்திப்பிலும் கலைவாணருக்குச் சிலை இருக்கிறது. சமூகச் செய்தியை நகைச்சுவையில் கலந்து சொன்ன நடிகர் விவேக்கைச் ‘சின்னக் கலைவாணர்’ என்று ரசிகர்கள் அழைத்தார்கள். சென்னை அரசினர் தோட்டத்தில் இருந்த பாலர் அரங்கம் கலைவாணர் அரங்கம் என்று பெயர் பெற்றது. பழைய கட்டடம் இடிக்கப்பட்டு, புதிய கட்டடம் 2016-ல் திறக்கப்பட்டது. கொரோனா காலத்தில் சட்டமன்றம் அங்கே கூடியது. தமிழ்நாட்டின் முதல் காகிதமில்லா வரவுசெலவுத் திட்டம் 2021 ஆகஸ்ட் 13 அன்று வாசிக்கப்பட்டது கலைவாணர் அரங்கத்தில்தான்.